முன்மாரிக்கும் பின்மாரிக்கும் நடுவே

ஜெபம் கேட்கப்பட்ட சாட்சிகளைத்தான் நாம் அதிகம் சொல்கிறோம். பதில் வராத ஆண்டுகளில் எப்படிப் பிழைத்தோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. என் அனுபவம் அந்த இரண்டாவது வகை.

எங்களுக்கு ஒடுகத்தூர் பக்கம் ஒரு சிற்றூர். ஜவ்வாது மலை அடிவாரம் என்பதால் புளியமரங்கள் நிறைய. 2016 பங்குனியில், லெந்து என்னும் தவக்காலத்தில், புளி உலுக்க ஏறிய என் கணவர் கிளை முறிந்து விழுந்தார். முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

உயிர் தப்பியதற்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அதன்பின் எழுந்து நடக்கவேண்டும் என்று உபவாசமிருந்து ஜெபித்தேன். ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், "உங்கள் விசுவாசம் பூரணமாக இருந்தால் இதற்குள் நடந்திருப்பாரே" என்றார். வேதாகமத்தில், பெருந்துன்பத்தில் இருந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நல்ல காரியத்தைக்கூட இவர் செய்யவில்லை. படுக்கையில் கிடப்பவரின் காதில் விழும்படி இப்படிப் பேசாதீர்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு நிலையத்தில் தங்கினோம். பொறுமை என்றால் என்னவென்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வரும். அதனால் இரவிலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். இடுப்பு, குதிகால், வால் எலும்பு எல்லாவற்றையும் தினமும் பார்த்துச் சிவந்திருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாகப் போடுவது என்று கற்றுக்கொள்ளவேண்டும். அந்த இரவுகளில் என்னால் நீண்ட ஜெபம் எதுவும் செய்ய முடியவில்லை. புரட்டும்போது "ஆண்டவரே" என்பேன், அவ்வளவுதான். அதுவே ஜெபம் என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சிக்கு வரமாட்டேன் என்று அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட நாட்களும் உண்டு. அப்படி ஒரு நாள், பயிற்சி கொடுக்கும் தம்பி மேரி வர்கீஸ் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தவர், 1954இல் வாகன விபத்தில் முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தவர். பின்பு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் தொடங்கிய இந்த நிலையமே அவருடைய உழைப்பில் எழுந்தது.

என் கணவர் திரும்பிப் பார்த்து, "அந்த அம்மா கடைசியில் நடந்தார்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணா."

வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார்.

நாங்கள் ஊர் திரும்பிய அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. எங்கள் கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. விளைந்ததைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் அறுப்பின் பண்டிகைக்கு என்ன கொண்டுபோவது? போகவேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. வீட்டில் இருந்த விதை மல்லாட்டையில் (நிலக்கடலையில்) ஒரு படி அளந்து எடுத்துப்போனோம். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது, பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் அதை எடுத்தார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவர். மறு ஆடியில் மழை விழுந்ததும் அந்தப் படியை அப்படியே கொண்டுவந்து, "விதைத்துக்கொள் பாப்பா, உங்கள் சாமிக்குக் கொடுத்தது என் வீட்டில் பத்திரமாக இருந்தது" என்றார்.

பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் காத்திருக்கிறான் என்று வேதாகமத்தில் யாக்கோபு தம் நிருபத்தில் எழுதுகிறார். அவருடைய நாட்டில் முன்மாரி விதைப்புக்கு, பின்மாரி கதிர் முற்றுவதற்கு. மானாவாரி மல்லாட்டை போடும் எங்களுக்கும் அப்படித்தான்: விதைக்க ஒரு மழை வேண்டும், விழுது மண்ணில் இறங்கும்போது இன்னொரு மழை வேண்டும். நடுவில் காய்கிற நாட்களில் யாரும் வரப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. களை எடுக்கிறோம், மண் அணைக்கிறோம். யாக்கோபு சொல்லும் காத்திருத்தல் இதுதான் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பார்க்கவேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். ஆட்டோவில் அழைத்துப்போனோம். வருடக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்த ஆறு இரு கரையும் முட்டிப் போனது. ஒரு குழந்தையைப்போலக் கைதட்டினார்.

அவர் நடக்கவில்லை. வீட்டு முகப்பில் நாற்காலி உயரத்துக்கு மேடை போட்டு மளிகைக் கடை வைத்திருக்கிறார். கணக்கு வழக்கெல்லாம் அவர்தான். நடக்கவேண்டும் என்று இன்றும் ஜெபிக்கிறேன், நிறுத்தப்போவதில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருந்தால், ஜெபத்தோடு புரட்டிவிடுவதையும் விடாமல் செய்யுங்கள். தோல் சிவந்தால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் துணைக்கு ஆள் இல்லையென்றால் உங்கள் சபையாரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் சபைப் பெண்கள் முறை வைத்து வந்து படுத்திருக்கிறார்கள்.