பொருள்: ரப்பரில் கலக்கும் பொடிக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

மார்த்தாண்டம், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். குலசேகரம், அருமனைப் பக்கம் சின்ன அளவில் ரப்பர் மேட், வாசர் அடிக்கும் பட்டறைக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ரப்பரில் கலக்கும் பொடிகளைப் பற்றிய ஃபில்லர் அதிகாரத்தில் வந்து நிற்கிறேன். கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்), சிலிக்கா, சாக்குப் பொடி (சுண்ணக்கல் தூள்), சைனா களிமண் நான்கையும் ஃபில்லர் என்றே சொல்கிறார்கள். முதல் இரண்டும் ரப்பரின் குணத்தையே மாற்றிவிடும். மற்ற இரண்டும் பெரும்பாலும் இடத்தை அடைத்து விலையைக் குறைக்கத்தான். இந்த இரு வகைக்கும் மில் (ரப்பரைப் பிசையும் உருளை இயந்திரம்) பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொற்கள் வேண்டும்.

நாகர்கோவில், திங்கள் இரவு

நிரப்பி, வலுவூட்டும் நிரப்பி. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவைதானே?

தோவாளை, செவ்வாய் காலை

புழக்கத்தில் உள்ளதாலேயே சரியாகிவிடாது. குறளில் ‘நிரப்பு’ என்றால் வறுமை. ‘நிச்ச நிரப்பு’ (532), ‘நெருநலும் கொன்றது போலும் நிரப்பு’ (1048). நிறைவைச் சுட்டும் வேர் இல்லாமைக்கு எப்படிப் போயிற்று? மங்கல வழக்கு என்பதே என் துணிபு. செத்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்லும் மரபு, இல்லாமையையும் நிறைவின் பெயரால் அழைத்திருக்கிறது. அது கிடக்கட்டும், இலக்கணச் சிக்கலும் உண்டு. நிரப்பி, வலுவூட்டி இரண்டும் வினையெச்சமாகவும் நிற்கும். ‘கார்பன் பிளாக் நிரப்பி ரப்பரைப் பிசைக’ என்று எழுதினால் நிரப்பி பெயரா எச்சமா என்று படிப்பவர் தடுமாறுவார்.

நமக்கு ‘உரம்’ இருக்கிறது. ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை’ (600). வலிமை, திண்மை, ஊக்கம் எல்லாம் அதில் அடக்கம். உரத்தைத் தருவது உரமி. இரண்டாம் வகைக்கு ‘உரமிலி’. இரண்டும் சின்னச் சொற்கள், தமிழுக்கும் இயல்பானவை.

குலசேகரம், செவ்வாய் மதியம்

அண்ணாச்சி மன்னிக்கணும், உரம் மட்டும் வேண்டாம். இங்கே பட்டறை வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்குத் தோட்டமும் உண்டு. ‘ரப்பருக்கு எவ்வளவு உரமி?’ என்று தலைப்பைப் பார்த்தால் மரத்து மூட்டில் போடுகிற மூட்டைக் கணக்கைத்தான் நினைப்பார்கள். காலையில் பால்வெட்டு, மதியம் மில் என்று இருக்கிற ஆளுக்கு ஒரே சொல்லில் இரண்டு பொருள் வைத்தால் கஷ்டம்.

கருங்கல், செவ்வாய் மாலை

உரமா, வளமா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் தென்னைக்கு ‘வளம் வைக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். மலையாளத்திலும் வளம்தான். பயிருக்கு வளத்தை விட்டுவிட்டால் உரம் ரப்பருக்குக் கிடைக்கும். ‘வளம்’ எந்த நூற்றாண்டில் இந்தப் பொருளுக்கு வந்தது என்று யாராவது தேடினால் நன்றாக இருக்கும்.

மார்த்தாண்டம், செவ்வாய் இரவு

நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் இடையில் இரண்டு நாள்தான் இருக்கிறது.

குழித்துறை, புதன் காலை

டயர்த் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பொடி உள்ளே போய் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் பெயர் வைப்பது எளிது.

எந்தப் பொடியைப் போட்டாலும் ரப்பர் விறைக்கும். கெட்டியான துகள் உட்கார்ந்த இடம் நீளாது. மிச்சமுள்ள ரப்பர் அதற்கும் சேர்த்து நீள வேண்டும். இதற்குக் குத், கோல்டு என்ற இருவர் பெயரில் ஒரு சமன்பாடு உண்டு. மொத்தப் பருமனில் பொடியின் பங்கு ‘ப’ என்றால், விறைப்பு 1 + 2.5ப + 14.1ப² மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு பொடி போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். சாக்குப் பொடியே இதைச் செய்துவிடும். ஆனால் அந்த வாசரின் ஓரத்தில் பிளேடால் கீறி இழுத்துப் பாருங்கள், கிழிசல் நேராக ஓடும். நல்ல கார்பன் பிளாக் சேர்த்ததில் அது வளைந்து, பிரிந்து, முண்டி நிற்கும். விறைப்பும் வலுவும் ஒன்றில்லை. கையேட்டில் இதை முதலில் எழுதுங்கள்.

வேறுபாடு துகளின் அளவிலும் மேற்பரப்பிலும் இருக்கிறது. டயர் டிரெட்டுக்கு (தரையில் உரசும் பகுதிக்கு)ப் போடும் N330 என்ற கார்பன் பிளாக் வகையில் துகள் சுமார் 30 நானோமீட்டர். ஒரு கிராமில் 80 சதுர மீட்டருக்கு நெருங்கிய மேற்பரப்பு. N990 வகையில் துகள் பல மடங்கு பெரிது, கிராமுக்குப் பத்து சதுர மீட்டர்கூடத் தேறாது. இரண்டும் கார்பன் பிளாக்தான், வேலை வேறு. துகள்கள் தனித்தனியாகவும் இருப்பதில்லை. திராட்சைபோல் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். கொத்தின் இடுக்கில் சிக்கிய ரப்பரும் நீளாமல் துகளோடு துகளாக நின்றுவிடும்.

இதைக் கண்ணாலேயே காட்டலாம். மில்லில் நன்றாக மசித்த ஷீட்டில் ஒரு பகுதிக்குச் சாக்குப் பொடி, ஒரு பகுதிக்கு பிளாக் சேர்த்து, கந்தகம் போடாமல், வேக வைக்காமல் எடுங்கள். சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கம்பி வலைக்குள் வைத்து டொலுவீன் என்ற கரைப்பானில் சில நாள் ஊற விடுங்கள். சாக்குப் பொடித் துண்டு பெரும்பாலும் கரைந்துபோய்ப் பொடி அடியில் படியும். பிளாக் துண்டு ஊதிப் பருத்துக் கறுத்த கூழாக வலைக்குள்ளேயே கிடக்கும். டொலுவீனால்கூடப் பிரிக்க முடியாத அந்த ரப்பரைத்தான் துகள் பற்றி வைத்திருக்கிறது.

ஆகவே ‘பற்றுத்துகள்’ என்கிறேன். கரி என்று தொடங்கும் எந்தச் சொல்லும் உதவாது, சிலிக்கா வெள்ளை. அது தானாக ரப்பரைச் சரியாகப் பற்றுவதுமில்லை, நடுவில் இரண்டையும் இணைக்கச் சிலேன் என்ற வேதிப்பொருள் வேண்டும். அந்த விஷயமும் இந்தச் சொல்லை வைத்தால் விளங்கிவிடும். மற்ற வகை ‘வெறும் நிரப்பி’யாகவே இருக்கட்டும்.

தோவாளை, புதன் மதியம்

உரத்தை விட்டுக்கொடுக்கிறேன், மனம் ஒப்பி அல்ல. ஆனால் பற்றுத்துகளா, பற்றுதுகளா? பற்றிய, பற்றும் துகள் என்று விரித்தால் வினைத்தொகை. வலி மிகாது, ‘பற்றுதுகள்’ என்றே வர வேண்டும். பற்று என்பதைப் பெயராகக் கொண்டால் வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகும். குழித்துறையார் சொன்ன வேலையைப் பார்த்தால் வினைத்தொகையே பொருந்தும்.

கருங்கல், புதன் மதியம்

‘பற்றுதுகள்’ என்று வேகமாகப் படித்தால் ‘பற்றுகள்’ என்று காதில் விழுகிறது. ஒற்று இருக்கட்டும்.

குலசேகரம், புதன் இரவு

என் பட்டறையில் இரண்டு பேரிடம் கேட்டேன். பற்றுத்துகள் என்றதும் ஒருவர், மில் ரோலரில் ஒட்டிப் பிடிக்கும் பொடியா என்றார். வலுவூட்டும் நிரப்பி என்றதும் தலையாட்டினார்கள். நீளம்தான், ஆனால் விளக்கம் கேட்கவில்லை.

நாகர்கோவில், வியாழன் காலை

எனக்கும் அதே. தேர்வுத்தாளில் எழுதும் மாணவருக்கும் எளிது.

கருங்கல், வியாழன் காலை

சரி, வலுவூட்டும் நிரப்பிக்கே என் கையும்.

மார்த்தாண்டம், வியாழன் மாலை

‘வலுவூட்டும் நிரப்பி’, ‘வெறும் நிரப்பி’ என்றே போடுகிறேன். டொலுவீன் சோதனை அதிகாரத்தின் முதல் பக்கத்தில் வருகிறது. கரைப்பானில் கரையாத பகுதியைப் ‘பற்றுண்ட ரப்பர்’ என்று எழுதியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

குழித்துறை, வியாழன் இரவு

முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. செயற்கை ரப்பரான எஸ்பிஆர் பொடி சேர்க்காவிட்டால் இழுத்ததும் அறுந்துவிடும். கார்பன் பிளாக் அதன் இழுவிசை வலுவைப் பத்து மடங்குகூட ஏற்றும். ‘வலுவூட்டும்’ என்பது அதற்குச் சரி. நம் தோட்டத்துப் பாலில் வரும் ரப்பர் அப்படியில்லை. இழுக்கும்போதே அதன் சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாகின்றன. எதுவும் சேர்க்காமலே அதற்கு நல்ல இழுவிசை வலு உண்டு. அதில் கார்பன் பிளாக் முக்கியமாகக் குறைப்பது தேய்மானமும் கிழிசலும். குலசேகரத்துப் பட்டறைக்காரர் கையில் இருப்பது இந்த ரப்பர். அவரிடம் போய் ‘உன் ரப்பருக்கு வலு ஊட்டுகிறேன்’ என்று சொல்லும் சொல் எனக்கு ஒப்பவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் இந்த இழையை மறுபடி திறப்பேன்.

தோவாளை, வியாழன் இரவு

திறக்கும்போது ஒற்று இல்லாமல் திறக்கவும்.