உதவி: ‘கடலை’ உடைகிறது, நாளை காலை போர்டு

தேவனாம்பட்டினம்:
வணக்கம். பீச்சில் அண்ணன் புதிதாகக் கடலை வண்டி போடுகிறார். பெயர் ‘கடலோரக் கடலை’. கையால் எழுதிய மாதிரி கொழுகொழுவென்று வேண்டும் என்பதற்காக ‘பலூ தம்பி’ என்கிற தமிழ் ஃபாண்டை (எழுத்துருவை) இறக்கினேன். எழுத்து உடைகிறது. நாளை காலை ஃப்ளெக்ஸுக்குக் கொடுக்கணும். அவசரம்.

கெடிலக்கரை:
எதில் அடிக்கிறீர்கள் தம்பி? எந்த வெர்ஷன்? உடைகிறது என்றால் எப்படி?

அச்சுக்கூடம்:
ஃபாண்ட் ஃபைல் கெட்டிருக்கும். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். எனக்கு எப்போதும் அதுதான் காரணம்.

பாண்டி டிசைன்:
பாமினி கீபோர்டா, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை வைக்கும் அந்தப் பழைய முறை? பலூ தம்பி யூனிகோடு ஃபாண்ட், அதாவது இன்றைய பொதுக் குறியீட்டில் உள்ளது. பாமினியில் அடித்தால் ஆங்கில எழுத்துதான் வரும்.

தேவனாம்பட்டினம்:
ஃபோட்டோஷாப்தான், 2019. போனில் அடித்து ஒட்டினேன். ‘லை’யில் கொம்பு ‘ல’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. ‘லோ’வும் அப்படித்தான். வேர்டில் ஒட்டினால் சரியாக வருகிறது.

எழுத்தாணி:
இதை இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். யூனிகோடில் முதலில் ‘ல’, அடுத்துதான் ஐகாரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. வேர்ட் செய்கிறது, உங்கள் ஃபோட்டோஷாப் செய்யவில்லை. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் டிசைனுக்கு வந்துவிடுகிறார்கள்.

கெடிலக்கரை:
பையன் அவசரத்தில் இருக்கிறான், விடுங்கள். தம்பி, எடிட், பிரிஃபரன்ஸஸ், டைப் போங்கள். ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ தேர்ந்தெடுத்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். புது ஃபைலில் ஒட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’. அப்புறம் எழுத்தைப் படமாக மாற்ற ‘கன்வர்ட் டு ஷேப்’ கொடுத்து அனுப்புங்கள். பிரஸ்ஸில் இந்த ஃபாண்ட் இருக்காது.

தூரிகை:
அப்பா கடலூர் இம்பீரியல் ரோட்டில் எனாமலில் கடை போர்டு எழுதியவர். அவர் ‘லை’க்குத் தனிக்கொம்பு போட மாட்டார். ‘ல’வின் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்து, தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒட்டிவிடுவார். வளைவில் பெயிண்ட் கொஞ்சம் தடித்து நிற்கும். கையெழுத்துத் தோற்றம் வேண்டுமென்றால் அந்த ‘லை’ போடுங்கள்.

எழுத்தாணி:
1978-லேயே தமிழக அரசு மாற்றிய எழுத்து அது. ணை, லை, ளை, னை எல்லாம் கொம்போடுதான். இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

தூரிகை:
என் மகள் ஏழாவது படிக்கிறாள். தாத்தா எழுதிய போர்டைத் தடங்கலில்லாமல் படிக்கிறாள். கடலை வண்டி என்ன பாடப்புத்தகமா?

பாண்டி டிசைன்:
எனக்கும் தும்பிக்கை ‘லை’ பிடிக்கும். ஆனால் பலூ தம்பியின் தடிமனுக்கு அதைத் தனியாக வரையணும். ஒரு ராத்திரியில் முடியாது.

எழுத்தாணி:
வரைந்தாலும் தப்பு தப்புதான்.

தேவனாம்பட்டினம்:
புது ஃபைலில் சரியாக வந்துவிட்டது. பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சு. நன்றி அண்ணா.

அச்சுக்கூடம்:
ஃபாண்டை மறுபடி இறக்கினீர்களா?