பழைய வீட்டுக்கு 16 கிலோவாட் எதற்கு?

*ஞாயிறு*

நான்: அனைவருக்கும் வணக்கம். எரிவாயுவில் நீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கும் எங்கள் பாய்லர் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது என்று தோன்றுவதால், அதற்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் வைக்கலாம் என்று எண்ணி ஒருவரை வரவழைத்தேன். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெப்பக் காப்பில்லாத பழைய செங்கல் சுவர் என்பதால் 16 கிலோவாட் இயந்திரம் வேண்டும் என்று பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா, இது சரிதானா?

அண்ணன்: சுவர்களுக்கெல்லாம் வெப்பக் காப்புப் போட்டு முடிக்காமல் அந்த வீட்டில் ஹீட் பம்ப் வைப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது. பாய்லரே போதும் என்பது என் கருத்து.

சித்தப்பா: பானை ஓட்டையாக இருந்தால் பாய்லர் ஊற்றினாலும் ஒழுகத்தான் செய்யும், தம்பி. வீடு இழக்கும் வெப்பம், அதை எந்த இயந்திரம் கொடுத்தது என்று பார்ப்பதில்லை. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் போகும் நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதே இங்கே உண்மையான கேள்வி. பாய்லர் 70 டிகிரி நீரை அலட்டிக்கொள்ளாமல் தரும். ஹீட் பம்ப்போ வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே ஏற்றிக்கொண்டு வருவதால், எவ்வளவு உயர்ந்த சூட்டுக்கு ஏற்றச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு மின்சாரம் கேட்கும். 35 டிகிரி நீர் போதுமென்றால் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய நான்கு பங்கு வெப்பம் கிடைக்கும். 55 வேண்டுமென்றால் அது இரண்டரை, மூன்று என்று இறங்கிவிடும்.

சித்தப்பா: பழைய கட்டடத்துக்கு ஆகாது என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். சூரிச் நகரின் மன்றக் கட்டடம் 1698-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு 1938-இலேயே, பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்பை வைத்துவிட்டார்கள்.

அண்ணன்: அங்கே ஆறு இருந்தது, சித்தப்பா. இவள் வீட்டுக் கொல்லையில் காற்றுதான் இருக்கிறது.

சித்தப்பா: நியாயமான பேச்சுதான், குளிர்காலத்தில் ஆற்று நீர் காற்றைவிடச் சூடாக இருக்கும். அதனால்தான் ஊகத்தை விட்டுவிட்டு அளந்து பார்க்கச் சொல்கிறேன். அம்மா, கடுங்குளிர் அடித்த நாள் ஒன்றின் எரிவாயு மீட்டர் கணக்கு உன்னிடம் இருக்கிறதா?

நான்: சென்ற வாரம் குறித்து வைத்தேன், சித்தப்பா. 24 மணி நேரத்தில் 20 கன மீட்டர் செலவாயிற்று. அன்று வெளியே சராசரியாக மைனஸ் 1 டிகிரி. வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தது.

சித்தப்பா: மிக நன்று. ஒரு கன மீட்டர் எரிவாயுவில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி ஆற்றல் இருப்பதால், 20 கன மீட்டருக்கு 200 ஆகிறது. பழைய பாய்லர் அதில் 85 விழுக்காட்டைத்தான் வீட்டுக்குக் கொடுத்திருக்கும் என்று வைத்தால் 170. அதை 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 கிலோவாட். உங்கள் பகுதியில் குளிர் மைனஸ் 5 வரை இறங்கும் என்றாலும் எட்டரைக்கு மேல் போகாது, அதிலும் குளியல் நீருக்கான பங்கு சேர்ந்தே இருக்கிறது. 16 எங்கிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பெரிய இயந்திரம் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதே. இளங்குளிர் நாள்களில் அது அடிக்கடி நின்று நின்று ஓடி, மின்சாரத்தைத் தின்று, கம்ப்ரசரையும் தேய்த்துவிடும்.

அத்தை: அளவு மட்டுமன்று, ஓட்டும் முறையும் முக்கியம். எங்கள் வீட்டில் முதல் குளிர்காலத்தில் வந்த மின் கட்டணத்தைப் பார்த்து உங்கள் மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பாய்லர் காலத்துப் பழக்கத்தில் இரவில் அணைத்து விடியற்காலையில் போட்டுக்கொண்டிருந்தோம். உறைந்துபோன வீட்டை அவசரமாகச் சூடாக்க, இயந்திரத்துக்குள் இருந்த மின் ஹீட்டரும் சேர்ந்து எரிந்திருக்கிறது. பொருத்தியவரும் நீரை எப்போதும் 55-இலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பிறகு ஹீட் கர்வ் என்ற அமைப்பைச் சரிசெய்து, வெளியே குளிர் கூடினால் மட்டும் நீர்ச்சூடு கூடும்படி வைத்து, இரவும் பகலும் மெதுவாக ஓட விட்டோம். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனால் வீடு சூடாக இருக்கும். அதற்குப் பழகத்தான் எனக்கு ஒரு மாதம் ஆனது.

நான்: அப்படியானால் என் ரேடியேட்டர்களை எல்லாம் மாற்ற வேண்டியிருக்குமா?

சித்தப்பா: அதை இயந்திரம் வாங்காமலே அறிந்துகொள்ளலாம். பாய்லரின் நீர்ச்சூட்டை 50-க்குக் குறைத்துவிட்டு, குளிரான நான்கு நாள்கள் இரவும் பகலும் ஓட விடு. அறையைவிடச் சராசரியாக 50 டிகிரி அதிகச் சூடுள்ள நீரில் 2,000 வாட் தரும் ரேடியேட்டர், நீரை 50-க்குக் குறைத்து அந்த வேறுபாடு 25 ஆகும்போது 800 வாட்தான் தரும். ஆனால் பழைய வீடுகளில் தேவைக்கு மீறிப் பெரிதாகவே வைத்திருப்பார்கள் என்பதால், எந்த அறை தாங்குகிறது, எந்த அறை தாங்கவில்லை என்று வீடே உனக்குச் சொல்லிவிடும்.

அண்ணன்: காப்பே வேண்டாம் என்கிறீர்களா?

சித்தப்பா: அப்படிச் சொல்லவில்லை. கூரைக்கடியில் உள்ள பரணில் காப்பு விரிப்பதும் கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பதும் செலவு குறைந்த, உடனே பலன் தரும் வேலைகள். அவற்றை முதலில் செய்ய வேண்டும். கூரை ஓரத்துக் காற்று வழிகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது, அடைத்தால் மரச்சட்டங்களில் ஈரம் தங்கும். பாய்லர் இருக்கும் வரையில் அதன் காற்றுத் துவாரத்திலும் கை வைக்காதீர்கள். கெட்டிச் செங்கல் சுவருக்கு உட்பக்கமாகக் காப்புப் போடுவதோ பெரிய வேலை. தவறாகச் செய்தால் சுவருக்குள்ளேயே ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். அதற்காக ஹீட் பம்ப்பைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

*வெள்ளி*

நான்: நான்கு நாள்கள் 50 டிகிரியில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வெளியே 0 டிகிரியை ஒட்டியே இருந்தது. கூடமும் இரண்டு படுக்கையறைகளும் 20 டிகிரியைத் தாங்கின. மாடியில் வடக்குப் பார்த்த அறை மட்டும் பதினாறரையைத் தாண்டவில்லை. அங்கே ஒற்றைத் தகட்டு ரேடியேட்டர்தான் இருக்கிறது, அதுவும் அலமாரிக்குப் பின்னால். அலமாரியை நகர்த்திய பிறகு 18 வந்தது.

சித்தப்பா: ஆக, ஒரே ஒரு ரேடியேட்டரை மாற்ற வேண்டியிருக்கலாம். பரண் வேலை முடிந்ததும் அந்த அறையை மட்டும் மறுபடி அளந்துவிட்டு முடிவு செய். தரைக்கடியில் போகும் குழாய்களின் தடிமனையும் பார்த்து வை. ஹீட் பம்ப்புக்கு நீர் அதிகமாகச் சுற்ற வேண்டும், 10 மில்லிமீட்டர் குழாய்கள் என்றால் அவையே தொல்லையாகிவிடும்.

நான்: பார்த்தேன், 15 மில்லிமீட்டர். இன்னொருவரிடமும் பேசினேன், அவர் வருவதற்கு முன்பே ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் ரேடியேட்டர் அளவுகளையும் எழுதி அனுப்பச் சொன்னார்.

சித்தப்பா: அவரையே வரச் சொல்.

அண்ணன்: சனிக்கிழமை பரணில் ஏற நானும் வருகிறேன். கையுறையும் முகமூடியும் எடுத்து வை. அந்தக் காப்புப் பஞ்சு உடம்பெல்லாம் அரிக்கும்.