புதுப்பிப்பு: ருல்ஃபோ பாடத்தை விடவில்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: சாலமன்காவில் ஸ்பானிஷ் இலக்கியம் படிக்கிறேன், மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ' நாவல் தலைகால் புரியவில்லை, வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்று. மாறவில்லை. வாய்விட்டுப் படிக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

முதல் வரியிலேயே விஷயம் இருக்கிறது. 1954-இல் இதழில் வந்த முன்வடிவில், அப்பாவைத் தேடும் மகன் அந்த ஊருக்குப் 'போனேன்' என்கிறான். அப்பா 'அங்கே' இருப்பதாகக் கேள்வி. 1955-இல் புத்தகமானபோது அது 'வந்தேன்', 'இங்கே' ஆகிவிட்டது. அப்படியென்றால் பேசுகிறவன் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறான்! ஸ்பானிஷில் 'இங்கே' என்று பொருள்படும் 'அகா' என்ற அந்தச் சின்னச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டபோது உடம்பு சிலிர்த்தது.

அப்புறம், ஊர்ப்பெயரும் கோமாலா என்று மாறியிருக்கிறது. பருவக் கட்டுரையை இதை வைத்தே எழுதத் தொடங்கிவிட்டேன்.