மார்கிலான்: பழைய பட்டு நகரம் ஏன் தலைநகராகவில்லை? அட்ராஸ், அட்லாஸ் வித்தியாசம் என்ன?

பாவுநூல்:
உஸ்பெகிஸ்தானின் பெர்கானா பள்ளத்தாக்கில் மார்கிலான்தான் பழைய ஊர். ஆனால் மாகாணத் தலைநகர் பக்கத்திலிருக்கும் பெர்கானா. ஏன்? அங்கே நெய்யும் அட்ராஸுக்கும் அட்லாஸுக்கும் என்ன வித்தியாசம்? அச்சுத் துணியைத் தறித்துணி என்று விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வரலாற்றுத்திண்ணை:
1876இல் ரஷ்யா கோக்கந்து கானரசை ஒழித்துப் பள்ளத்தாக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. படையையும் அலுவலகங்களையும் பழைய ஊரின் சந்துகளுக்குள் வைக்காமல், தெற்கே சற்றுத் தள்ளி 'புதிய மார்கிலான்' கட்டினார்கள். அது 1907இல் தளபதி ஸ்கோபெலெவ் பெயரையும் 1924இல் பெர்கானா என்ற பெயரையும் பெற்றது. அதிகாரம் அங்கே போனது; தறியும் சந்தையும் மார்கிலானிலேயே நின்றன. இந்த ஊரின் மாதுளையையும், கொட்டையை எடுத்து வாதுமைப் பருப்பு வைத்து உலர்த்திய ஆப்ரிகாட்டையும் பாபரே பாராட்டி எழுதியிருக்கிறார்.

தறிக்காரர்:
அட்ராஸில் பாவு (நீளவாக்கு இழை) பட்டு, ஊடை (குறுக்கு இழை) பருத்தி. அட்லாஸில் இரண்டும் பட்டு. கான்-அட்லாஸ் என்ற ரகத்தை எட்டு மிதிப்பலகை உள்ள தறியில் நெய்வார்கள். பாவு முகப்பில் மிதந்து நிற்பதால்தான் அந்த வழவழப்பு.

சாயம் நெசவுக்கு முன்பே ஏறிவிடும். கோந்து போக வேகவைத்த பாவை நீளமாக விரித்து, கரியால் கோடு வரைவார்கள். சாயம் ஏறக்கூடாத இடங்களைக் கற்றையாகச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். மஞ்சள் முதலில், பிறகு சிவப்பு, கடைசியில் நீலம். ஒவ்வொரு முறையும் கட்டு அவிழ்த்து வேறு இடத்தில் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் சாயம் உள்ளே கசியும், தறியில் ஏற்றும்போது இழைகள் சற்று நகரும். அதனால் விளிம்பு மேகம்போல் கலங்கும். இந்தச் சாயமுறையின் பெயரில் வரும் 'அப்ர்' என்றாலே பாரசீகத்தில் மேகம். இந்தக் கலக்கத்தைக் குறையென்று நினைப்பவர்கள் துணியைப் பார்க்கத் தெரியாதவர்கள்.

சோதனைச்சாவடி:
கண்டுபிடிக்க இரண்டு வழி. விளிம்புக் கலக்கம் பாவின் திசையில், அதாவது துணியின் நீளவாக்கில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் ஒரே மாதிரி மங்கினாலோ, அட்ராஸ் என்று விற்பதன் பின்புறம் வெளுத்திருந்தாலோ அச்சுத் துணி.

அடுத்தது இழைச் சோதனை: பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று உருவி, தனித்தனியாகக் கொளுத்துங்கள். பட்டு, முடி கருகும் நாற்றத்துடன் நொறுங்கும் கரியாகும். பருத்தி, காகிதம் எரிவதுபோல் எரியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். நல்ல அட்ராஸில் பாவு முடி நாற்றமும் ஊடை காகித நாற்றமும் தர வேண்டும். செயற்கைப் பட்டும் (விஸ்கோஸ்) காகிதம் போலத்தான் எரியும்; பாவு அப்படி எரிந்தால் வாங்காதீர்கள்.

பாவுநூல்:
நன்றி. அட்ராஸைத் துவைத்தால் பளபளப்புப் போகுமா?

தறிக்காரர்:
பழைய முறையில் முட்டை வெள்ளைக்கரு பூசி மரச்சுத்தியால் அடித்து ஏற்றிய பளபளப்பு என்றால், நனைத்ததும் போய்விடும், திரும்ப வராது. உலர்சலவைக்குக் கொடுங்கள். மற்றதைக் குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்தலாம். முறுக்கிப் பிழியக் கூடாது. துணி பார்த்து வாங்க மார்கிலானின் கும்தெபா சந்தை வியாழனும் ஞாயிறும் கூடும்.