நகராமல் நின்று பெய்த கோடை மழை

பாளையங்கோட்டையிலிருந்து:

மார்க்கெட் பக்கம் எங்கள் பலசரக்குக் கடை. சித்திரை மாதம், மூன்று மணி வாக்கில் மேற்கே கருத்தது. கோடை மழைதானே, அரை மணி நேரம் அடித்துவிட்டு ஓடிவிடும் என்று இருந்தேன். ஒரு மணி நேரமாகியும் இடி அதே திசையில், அதே தூரத்தில் கேட்டது. அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏல, மழை நின்னு பெய்யுது. கீழ கிடக்க மூட்டையெல்லாம் தூக்கு" என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் வாசல் வழியாகக்கூட வரவில்லை. கடைக்குள் இருக்கும் சாக்கடைக் குழாயில்தான் முதலில் பொங்கியது. பத்தே நிமிடத்தில் முழங்கால் அளவு. மறுநாள் காலையில் பார்த்தால், உளுந்து ஊறிப் பருத்து சாக்குத் தையலையே பிரித்துக்கொண்டு வெளியே கிடந்தது. அந்த வாடை ஒரு வாரம் போகவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மன்னார் வளைகுடாவில் இருந்து வரும் கடல்காற்றும் மலையைத் தாண்டி வரும் மேற்குக் காற்றும் முட்டும் இடத்தில், வெக்கையும் சேர்ந்து மேகம் எழும்புகிறது. உயரத்தில் காற்று பலமாக இருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று மந்தமான நாளில் மேகம் அங்கேயே நிற்கும். அது கொட்டும்போது இறங்கும் குளிர்காற்று பக்கத்திலேயே அடுத்த மேகத்தைக் கிளப்பிவிடும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. பெய்தாலே 1 கோடி லிட்டர். தெருவெல்லாம் சிமெண்ட், அத்தனையும் எங்கே போகும்?

மேலப்பாளையத்திலிருந்து:

அண்ணாச்சி, எங்கள் தெருவிலும் இப்படித்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது எல்லோர் கண்ணும் தாமிரபரணி மேலேயே இருந்தது. கோடை மழையில் ஆறு சும்மா கிடக்கும், தெருதான் ஆறாகும். சாக்கடை மூடி ஒன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. கலங்கல் தண்ணீரில் குழி தெரியவே இல்லை, சின்னதாக ஒரு சுழி மட்டும். பக்கத்து வீட்டுத் தம்பி முருங்கைக் கொப்பை ஒடித்து, சிவப்புத் துணி கட்டி அதில் நட்டு வைத்தான். அடுத்த நிமிடமே ஒரு அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனதும் கோடை மழையில்தான். மலையில் பெய்வது கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் கருத்திருந்தால் பிள்ளைகளை அருவிக்கு விடாதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும்:

சரிதான் அக்கா. அந்தக் கொப்பு ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இங்கே இப்போது உளுந்தும் சீனியும் தரையில் இருந்து இரண்டடி உயரத்தில், பலகை மேல்தான் இருக்கின்றன. சித்திரை பிறந்துவிட்டால் அப்பா வந்து குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்.