ஆகஸ்ட் 9 விழா: வளைவுக்குப் பணம் தருகிறேன், கல்லை எடுத்தது யார்?

சங்கத்து அண்ணன்மார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 9 'வெள்ளையனே வெளியேறு' நாள் விழாவுக்காக நம் ஊரில் கட்டும் நினைவு வளைவுக்கு ஆளுக்கு 200 வெள்ளி கேட்டுப் பொருளாளர் தம்பி எழுதியதைப் படித்தேன். தருகிறேன். போன வருடத்துப் பந்தல் கணக்கு, மைக்செட் கணக்கெல்லாம் துபாய் மச்சான் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு வேறு கேள்வி.

போன மாதம் ஊருக்குப் போன என் தங்கை மகன் ஒரு படம் அனுப்பினான். ஊர் மந்தையில் நின்ற தியாகிகள் கல் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கிடக்கிறது. அதன் மேலேயே சிமெண்ட் சாந்து குழைத்திருக்கிறார்கள். ஐந்தாவது வரிக்குக் கீழே எழுத்தே தெரியவில்லை. வளைவுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பெயர்த்தார்களாம். யாரைக் கேட்டுப் பெயர்த்தார்கள்?

1942 ஆகஸ்டில் தேவகோட்டை கோர்ட்டை எரித்ததையும், திருவாடானை ஜெயிலை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டதையும் வருஷா வருஷம் மேடையில் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜனங்களே ஜெயிலை உடைத்து ஆளை வெளியே கொண்டுவந்தது சின்ன விஷயமா? ஆனால் அதற்கு அப்புறம் போலீஸ் ஊருக்குள் புகுந்தபோது நம் ஜனம் பட்டது மேடைக்கு வருவதே இல்லை. எங்கள் ஐயாவும் இன்னும் ஏழு பேரும் பதினோரு நாள் கண்மாய்க் கருவைக்குள் கிடந்தார்கள். அப்பத்தா கூழ்க் கலயத்தைக் கூடையில் வைத்து, மேலே சாணியை அள்ளிப் போட்டுத் தலையில் தூக்கிப் போகுமாம். சாணிக்குள் போலீஸ்காரன் கையை விடமாட்டான் என்ற தைரியம். அந்தக் கலயத்தைக் கடைசிவரை அடுப்படி மூலையில் கவிழ்த்தே வைத்திருந்தது, யாரையும் தொட விட்டதில்லை.

அப்புறம் ஐயா பிடிபட்டு நாலு மாதம் உள்ளே இருந்தார். 1972இல் மத்திய அரசு தியாகி பென்ஷன் கொண்டுவந்தபோது ஆறு மாதச் சிறைக்குச் சான்று கேட்டார்கள். ஐயாவுக்கு இரண்டு மாதம் குறைந்தது. "போனால் போகிறது" என்று விட்டுவிட்டார். ஊரில் கல் வெட்டியபோதும் பென்ஷன் பட்டியலைப் பார்த்தே பெயர் போட்டார்கள். மேலத்தெருச் சித்தப்பாதான் மல்லுக்கட்டி, கடைசியில் "மற்றும் ஊர் மக்கள்" என்று ஒரு வரி சேர்க்க வைத்தார். அதற்காக அவர் வாங்கிய பேச்சு பெரியவர்களுக்குத் தெரியும். இன்றைக்குச் சாந்துக்குள் போனது அந்த வரியும்தான்.

விழாவுக்கு முன்னால் கல்லைக் கழுவிப் பழைய இடத்திலேயே நிறுத்துங்கள். அந்தக் கூலியை நான் தனியாகத் தருகிறேன், வளைவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அன்றைக்கு எட்டுப் பேர் பெயரையும் மைக்கில் வாசிக்க வேண்டும். என்னிடம் ஆறு பெயர் இருக்கிறது. மற்ற இரண்டும் கீழத்தெருக்காரர்கள். கோலாலம்பூர் அத்தைக்குத் தெரியும். அத்தை, கும்பாபிஷேகத்தில் நடந்ததை மனதில் வைக்காமல் அந்த இரண்டு பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.